வலது பக்கத்துப் பெட்டி

ஸ்பீக்கருக்கு ஒயர் கொடுப்பதற்கு முன்னால் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதிலிருந்து பென்சில் பேட்டரியை எடுப்பார். அவ்வளவு நேரமும் வீட்டில் மணி நின்றுவிடும். ஒயரின் ஒரு முனையை பேட்டரியின் அடியில் கட்டைவிரலால் அழுத்திக்கொள்வார். இன்னொரு முனையை மேல் மொட்டில் ஆள்காட்டி விரலால் தொட்டுத் தொட்டு எடுப்பார். மற்ற கையின் இரண்டு விரல் நுனிகள் ஸ்பீக்கரின் கறுப்புக் காகிதத்தின் மேல், காய்ச்சல் பார்க்கிற மாதிரி, லேசாகப் படிந்திருக்கும். காகிதம் ஒரு நெல் அளவுக்கு முன்னால் தள்ளினால் ஒயர் சரி. உள்ளே இழுத்தால் முனைகள் மாறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு தொடுதலுக்கும் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அதை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை. கண்ணும் விரலும் மட்டும்தான் வேலை செய்யும். எல்லா ஸ்பீக்கரும் முன்னால் தள்ளுகின்றன என்று உறுதியான பிறகு பேட்டரியைக் கடிகாரத்துக்கே திருப்பிக் கொடுத்து, போனில் நேரம் பார்த்து முள்ளைச் சரி செய்வார்.

பாப்பிரெட்டிப்பட்டியில் அவர் வீட்டு மாடியில் இரண்டு வருஷமாகக் குடியிருந்தேன். எனக்கு வேளாண்மை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலம் வந்தால் படியேறிப் போய்விடுவேன். பேச்சு கொடுக்கத் தெரியாது. கையில் புத்தகம் இருப்பதைப் பார்த்து ஒருநாள் கேட்டார்.

"என்ன தம்பி அது?"

"கவிதைங்கண்ணா."

"பாட்டா?"

"பாட முடியாதுங்க. படிக்கறதுதான்."

"பாட முடியாததுக்கு எதுக்கு மடக்கி மடக்கி எழுதறானுங்க?"

அன்று முதல் கீழே பாட்டு ஓடினால் என்னையும் கூப்பிடுவார். நான் போய் அவருடைய இடது பக்கம் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காருவேன். அந்த ஸ்டூல் எப்போதும் இடது பக்கம்தான் கிடக்கும்.

முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். 2024 கோடையில் ரிட்டயர் ஆனார். வீட்டின் முன்னறையில் அவருடைய சொத்து என்று சொல்லத்தக்கவை இரண்டு பெட்டிகள். இடுப்பு உயரம், தேக்கு பிளைவுட், முன்னால் கறுப்புத் துணி. தொண்ணூற்று நாலில் பெங்களூரிலிருந்து ஸ்பீக்கர்களை வாங்கி வந்து, இங்கே ஆசாரியிடம் அளவு சொல்லிச் செய்தவை. பழைய பாணி என்பதால் பின்னால் ஒயர் மாட்டும் திருகு கிடையாது. ஓட்டை வழியாக ஒயர் வால் மாதிரி நீளமாக வெளியே வந்து ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் போகும். முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று அச்சு. பின்பக்கம் மட்டும் அடியில் பென்சிலால் 'இ' என்றும் 'வ' என்றும் எழுதியிருக்கும். இடது, வலது.

எழுதியது கிருஷ்ணப்பன். பெங்களூருக்குக் கூடப் போனவரும் அவர்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ, டிவி, மிக்ஸி ரிப்பேர் கடை. வீட்டில் கன்னடம் பேசுகிறவர். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் நேராக அவர் கடைக்குத்தான் போவாராம். அண்ணனின் மனைவி ராஜமேரி அக்கா சொன்னது. "கோயிலுக்குப் போறதே அந்தக் கடைக்குப் போறதுக்குத்தான். ரெண்டு பேரும் ஒரே தட்டுல போண்டா திம்பாங்க."

நான் வந்த காலத்தில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பன்னிரண்டு வருஷமாகக் கிடையாது.

காரணம் ஊருக்கே தெரியும். 2012 ஐப்பசி மழையில் ஓர் எலி வலது பெட்டிக்குள் புகுந்து காகிதத்தைக் கடித்துவிட்டது. கிருஷ்ணப்பன் அதைக் கொண்டுபோய், பழைய காகிதத்தைப் பிய்த்துப் புதுசு ஒட்டி, தீபாவளிக்கு மறுவாரம் கொண்டுவந்து மாட்டினார். ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் கேட்டுப் பார்த்தார். வலது செத்துவிட்டது என்றார். புதுக் காகிதம் விறைப்பு விட்டுப் பழக இரண்டு நாள் ஆகும் என்றார் கிருஷ்ணப்பன். மூன்றாம் நாள் காலை டிப்போவுக்கு எதிர் டீக்கடையில் அது வெடித்தது.

அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவர் மாது. ஸ்தனிஸ்லாஸ் அண்ணனோடு பதினெட்டு வருஷம் ஒரே பஸ்ஸில் போன கண்டக்டர். இப்போதும் வாரம் ஒருமுறை வருவார். அந்தக் கதையை ஒவ்வொரு தடவையும் அதே உற்சாகத்தோடு சொல்வார்.

"நான்தான் தம்பி அன்னிக்கு வாயக் குடுத்தேன். மொத நாளு பொம்மிடி ரூட்ல ஒத்த விசில் அடிக்கறேன், அண்ணன் நிறுத்தல. மறுபடி அடிக்கறேன், நிறுத்தல. ஒரு ஆயா எறங்க வேண்டிய எடத்தத் தாண்டி ஒரு பர்லாங்கு போயிருச்சு. எறங்கும்போது என்னத்தான் திட்டுச்சு. டீக்கடையில வெச்சு நாலு பேர் முன்னாடி கேட்டேன், என்னாண்ணா, காது மந்தமாயிருச்சா, மெடிக்கல் போட்டானுங்கன்னா வண்டிய புடுங்கிட்டு டிப்போவுல டோக்கன் எழுத ஒக்கார வெச்சிருவானுங்கன்னு. சும்மா கிண்டலுக்கு."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"கிளாஸ கீழ வெச்சாரு. 'மாது, எங் காது மந்தமா? என் பெட்டியில கிருஷ்ணப்பன் காந்தத்த மாத்திட்டு டூப்ளிகேட் வெச்சிருக்கான். பெட்டி வூட்டுக்கு வந்த அஞ்சாவது நிமிஷம் கண்டுபுடிச்சிட்டேன். செவிடன் கண்டுபுடிப்பானா?' அப்படின்னாரு. கடையே கப்சிப். காந்தம் மாறினத காதாலயே கண்டுபுடிக்கறதுன்னா, என்னா காது தம்பி அது. அன்னில இருந்து டிப்போவுல அவருக்குப் பேரே பாம்புக் காது."

ஒரே காலையில் இரண்டு பேருக்குப் பெயர் வைத்தது அந்த டீக்கடை. இவர் பாம்புக் காது. அவர் மேக்னட் கிருஷ்ணப்பன்.

பாம்புக் காது என்பது ஆறு மாசத்தில் மறந்துபோயிற்று. மேக்னட் மறக்கவில்லை. மிக்ஸியைக் கொண்டுவருகிற பெண்கள் வீட்டிலேயே மோட்டாரின் மேல் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக் கொண்டுவருவார்கள். திரும்ப வாங்கும்போது மூடியைத் திறக்கச் சொல்லி அந்தப் புள்ளியைப் பார்ப்பார்கள். ஒரு தடவை என் அலுவலக ஃபேனைக் கொடுக்கப் போயிருந்தபோது அவர் மேசையின் மேல் நாலு மோட்டார்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் சிவப்புப் புள்ளி, ஒன்றில் ரோஸ், ஒன்றில் வெள்ளிப் பொடி மின்னியது. அவர் அவற்றை அழிக்காமல், ஓரமாகச் சுற்றிவந்து பழுது பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க ஃபேனுக்குப் பொட்டு வெக்கலீங்களா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் சில்வியா, அப்பா ரிட்டயர் ஆனதற்கு ஒரு ஐந்து சேனல் ஆம்ப்ளிஃபயர் அனுப்பினாள். கூடவே நடுவில் வைக்க ஒன்று, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று டிபன் பாக்ஸ் அளவில் ஸ்பீக்கர்கள். பழைய பெட்டிகளை எடுத்துப் போட்டுவிட்டு இவற்றை மாட்டிக்கொள்ளச் சொன்னாள்.

"எதை எடுத்துப் போடறது? முன்னாடி ரெண்டும் என் பெட்டிதான். மத்தத வேணா மாட்டலாம்" என்றார் அவர். முன்னால் வைப்பதற்கென்று வந்த இரண்டும் அட்டைப்பெட்டியிலேயே பரணுக்குப் போயின.

அங்கே ஆரம்பித்தது பொருத்தும் வேலை. பழைய பெட்டிகளுக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுத்தாலே வாய் நிறையப் பேசும். புதுசுகளுக்கு ஊட்டிவிட வேண்டும். ஒரு பாட்டு முன்னாலிருந்து பின்னால் போனால் ஆள் மாறிப் பேசுகிற மாதிரி இருந்தது. கனத்த குரலில் தொடங்கி, தகர டப்பாவுக்குள் போய் முடியும். தர்மபுரிக் கடைக்கு மூன்று தடவை போய்ப் பின் ஸ்பீக்கர்களை மாற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் கடைக்காரரிடம் சொன்ன புகார் ஒன்றுதான். "ரெண்டுல வலது மட்டும் டல்லுங்க." மூன்றாவது தடவை கடைக்காரர், "உங்களுக்குன்னு வலதா பாத்து அனுப்பறானுங்களா?" என்று கேட்டுவிட்டாராம். அதை வீட்டில் வந்து கோபமாகச் சொன்னார்.

ஆம்ப்ளிஃபயரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துச் சொல்ல நான் போனேன். செட்டோடு ஒரு குட்டி மைக் வந்திருந்தது. உட்கார்ந்து கேட்கிற நாற்காலியில் காது உயரத்துக்கு அதை வைத்துவிட்டால், ஆம்ப்ளிஃபயர் ஒவ்வொரு ஸ்பீக்கராக 'ஸ்ஸ்' என்று ஊதவைத்துத் தானே அளந்து, எதைக் கூட்டணும் எதைக் குறைக்கணும் என்று முடிவு செய்யும். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு ஓடவிட்டேன். டிவி திரையில் கணக்கு வந்தது. நடுவுக்கு இரண்டு கூட்டியிருந்தது. பின்னால் இரண்டுக்கும் ஐந்து ஐந்து. முன்னால் இடது பெட்டிக்கு நாலு குறைத்திருந்தது. வலது பெட்டிக்கும் நாலு குறைத்திருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதாங்கண்ணா" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையின் அருகில் போய்ப் பார்த்தார்.

"மைக்குக்கு என்ன தெரியும்? சத்தம் எவ்வளவுன்னு சொல்லும். உசுரு இருக்கா இல்லையான்னு சொல்லுமா?"

ரிமோட்டை வாங்கி வலது பெட்டியின் அளவை ஏற்ற ஆரம்பித்தார். குறைத்தது பூஜ்யத்துக்கு வந்து, அங்கிருந்து ஒன்பது வரைக்கும் மேலே போயிற்று. பின்னால் வலதையும் அப்படியே. பிறகு உட்கார்ந்து, பாட்டைப் போட்டு, முகத்தை மெல்ல வலது பக்கம் ஜன்னலை நோக்கித் திருப்பிக்கொண்டார். அதுதான் அவர் பாட்டுக் கேட்கும் விதம். ஜன்னலுக்கு வெளியே யாரோ வருவதற்காகக் காத்திருப்பவர் போல. அதில் ஓர் அழகு இருப்பதாக நான் நினைத்திருந்தேன்.

"இப்பப் பரவால்ல" என்றார்.

எனக்கு எல்லாப் பாட்டும் வலது மூலையில் போய்க் குவிந்துகொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து ராஜமேரி அக்கா வந்து, நாற்காலியின் பின்னால் சுற்றி, அவருடைய இடது பக்கத்துக்கு வந்து நின்று சொன்னார். "எல்லாம் ஒரு பக்கமாவே கத்துதுங்க."

"உனக்கு என்னா தெரியும், போ."

டிசம்பர் முதல் வாரம் கிறிஸ்துமஸுக்காக வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பெட்டிகளை வெளியே தூக்கிவைத்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தோம். வேலை முடிந்த சனிக்கிழமை மத்தியானம், பெயிண்டரும் நானும் அவற்றைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்தோம். ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் கடிகாரத்தைக் கழற்றி, வால் ஒயர்களின் முனையில் பேட்டரியைத் தொட்டு, காகிதம் முன்னால் தள்ளுவதை விரலால் பார்த்து, ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். கீழே சிந்தியிருந்த பெயிண்டைத் துடைக்க நான் பெட்டிக்குப் பின்னால் குனிந்தபோது பென்சில் எழுத்து கண்ணில் பட்டது. இடது பக்கம் நின்ற பெட்டியில் 'வ' என்று இருந்தது.

மாற்றி வைத்துவிட்டோம். சொல்வதற்காக நிமிர்ந்தேன். அதற்குள் பாட்டு தொடங்கி, அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. பாட்டுக்கு நடுவில் பேசினால் அவருக்குப் பிடிக்காது. ஈரத் துணியோடு நின்றேன்.

பாட்டு முடிந்ததும் சொன்னார்.

"பெயிண்ட் அடிச்சு என்ன, அந்தத் திருடன் கை வெச்சது வெச்சதுதான். வலது அப்படியே செத்துக் கெடக்குது. இடதப் பாருங்க, கோயில் மணியாட்டம். அது ஒரிஜினல்."

விரல் நீட்டிக் காட்டினார். விரல் காட்டிய இடத்தில் இருந்தது கிருஷ்ணப்பன் காகிதம் ஒட்டிய பெட்டி.

துணியிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. இடது பக்கத்து ஸ்டூல். சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து பேசும் ராஜமேரி அக்கா. ஜன்னலை நோக்கித் திரும்பும் முகம். அப்படித் திரும்பினால் இடது காது பெட்டிகளுக்கு நேராக வரும். பஸ்ஸில் டிரைவருக்கு இடப்பக்கம் எஞ்சின் அலறும். அந்தக் காது எஞ்சினுக்குப் போய்விட்டால், மாதுவின் விசிலுக்கு மிச்சம் இருந்தது வலது காது ஒன்றுதான். அதுதான் கேட்காத காது. செத்தது பெட்டி இல்லை.

பாவம், இந்த மனுஷனுக்கே இது தெரியாது என்று நினைத்தேன். ஊரில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்றும் நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று படியேறினேன். ஒரு மனிதனிடம் அவன் காதைப் பற்றி எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று மூன்று நாள் யோசித்தேன்.

நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை. உள்ளூர் விடுமுறையோ என்னவோ, நான் வீட்டில் இருந்தேன். பதினோரு மணி வாக்கில் வாசலில் டிவிஎஸ் வண்டி நின்றது. கிருஷ்ணப்பன். கையில் பழுப்பேறிய அட்டைப்பெட்டி. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் படியேறினார். செருப்பைக் கழற்றி ஓரமாக, திரும்பிப் போக வசதியாக, வாசலைப் பார்த்து வைத்தார்.

"டிரைவருங்க" என்றார். முன்பெல்லாம் "ஸ்தனிஸு" என்றுதான் கூப்பிடுவாராம்.

உட்காரச் சொன்னது ராஜமேரி அக்காதான். ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணப்பன் அந்த இடது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அட்டைப்பெட்டியைப் பிரித்தார். உள்ளே இரண்டு ஸ்பீக்கர்கள், பிரிக்காத தாளோடு.

"பின்னாடி வெக்கறதுக்குச் சேரவே மாட்டேங்குதுன்னு தர்மபுரிக்கு நடக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன். சேராதுங்க. அதுக்கு இது வேற சாதி. நாம பெங்களூர் போனப்ப அதே லாட்டுல ஒரு ஜோடி கூட வாங்கினேன், ஞாபகம் இருக்குதுங்களா? ஸ்பேருக்குன்னு. இது அதுதான். இதுல பெட்டி கட்டி பின்னாடி வெச்சீங்கன்னா நாலும் ஒரே வாய்ல பேசும். எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்."

ஸ்தனிஸ்லாஸ் அண்ணனின் கண் அந்தக் கறுப்புக் காகிதத்தின் மேல் ஒரு நொடி போய்விட்டு வந்தது. அவருக்கு அது வேண்டும். பார்த்தாலே தெரிந்தது.

"சும்மா எவன் குடுப்பான்?" என்றார்.

"சும்மா இல்லீங்க. எம் பையன் அன்பு ஐடிஐ முடிச்சிட்டான். பொங்கல்ல இருந்து கடையில ஒக்காரப் போறான். அவன இப்பவே மேக்னட் பையன்னுதான் கூப்புடறாங்க. என்னக் கூப்புட்டாங்க, சரி. அவன் போய் ஒரு கரண்ட் வேலைக்கு நின்னா, அந்த வூட்டுக்காரங்க பக்கத்துலயே நாற்காலி போட்டு ஒக்காந்துக்கறாங்க. நீங்க அன்னிக்கு டீக்கடையில நாலு பேர் முன்னாடி சொன்னீங்க. அதே டீக்கடையில, வேணாம், ரெண்டு பேர் முன்னாடி, நான் நெனச்சது தப்புன்னு ஒரு வார்த்த. போதும்."

"தப்புன்னு எப்படிச் சொல்றது? மாத்தினவன் நீ."

"நாலு ஸ்க்ரூதானுங்க. ரெண்டு பெட்டியையும் தொறப்போம். காந்தத்துக்குப் பின்னாடி லாட் நம்பர் அடிச்சிருக்கும். இந்த ஜோடியிலயும் அதே நம்பர்தான், பாருங்க. உங்க வலது பெட்டியில வேற நம்பர் இருந்துச்சுன்னா நான் கடைய மூடிட்டுப் போயிடறேன்."

சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் எழுந்துவிட்டார். எழுந்து, வலது பக்கம் நின்ற பெட்டிக்கும் கிருஷ்ணப்பனுக்கும் நடுவில் போய் நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, இடது பெட்டியையும் ஒரு தரம் பார்த்தார்.

"ஒரு தடவ தொறந்தது போதும். என் பெட்டியில இனி எவன் கையும் படக் கூடாது. தொறந்தா காத்து போயிரும்."

"காத்து போகாதுங்க. நான் வாஷர் போட்டு மூடறேன்."

"வேண்டாம்னா வேண்டாம்."

கிருஷ்ணப்பன் ஸ்க்ரூ டிரைவரைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டார். பிறகு அறை மூலையில் நின்றிருந்த என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க இந்த வூட்டுலயே இருக்கறீங்க. படிச்சவங்க. நீங்க சொல்லுங்க. உங்க காதுக்கு ரெண்டு பெட்டியும் எப்படி இருக்குதுங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராஜமேரி அக்கா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். பெட்டிக்குப் பின்னால் போய்ப் பென்சில் எழுத்தைக் காட்டினால் போதும். ஒரு வார்த்தைகூட வேண்டியதில்லை.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஸ்பீக்கர்களைத் தாளில் சுற்றி அட்டைக்குள் வைத்தார். சணலை அதே பழைய மடிப்பில் கட்டினார். எழுந்துகொண்டே தன் வீட்டுப் பாஷையில், "ஆயித்து" என்றார். ஆச்சு, முடிந்தது. வாசலைப் பார்த்து வைத்த செருப்பில் கால் நுழைத்துக்கொண்டு போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். சில்வியாவும் மருமகன் ஜோசப் ராஜும் வந்திருந்தார்கள். மாது பிரியாணித் தட்டோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஜோசப் ராஜ் ஒரு படத்தைப் போட்டு, சண்டைக் காட்சியில் சத்தத்தைக் கூட்டினான். ஒன்பதுக்கு ஏற்றிவைத்திருந்த வலது பக்கம் அடி தாங்காமல் இரண்டு தடவை கரகரத்தது. பிறகு கருகல் வாடை. கறுப்புத் துணிக்குள்ளிருந்து நூல் மாதிரி புகை வந்தது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்கள்.

ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் பதறவில்லை. எழுந்து நின்று எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். முகத்தில் கிட்டத்தட்ட சந்தோஷம்.

"பாத்தீங்களா? டூப்ளிகேட்னு பன்னெண்டு வருஷமா சொல்றேன். எவனாவது கேட்டீங்களா? இடது கெடக்குது பாரு, கல்லாட்டம். இதுக்குத்தான் ஒரிஜினல் வேணும்கறது."

"என்னா காதுண்ணா உங்களுக்கு" என்றார் மாது.

எரிந்தது 'இ' பெட்டி. கிருஷ்ணப்பன் கை படவே படாத பெட்டி. நான் கை கழுவப் போகிற மாதிரி எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். அன்று சாயங்காலமே டீக்கடையில் மாது சொல்லிவிட்டார், மேக்னட் மாட்டின ஸ்பீக்கர் பண்டிகை நாளில் எரிந்துபோயிற்று என்று. பொங்கலுக்கு அன்பு கடையில் உட்காரவில்லை. ஓசூரில் ஏதோ கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

மாசி கடைசியில் கிருஷ்ணப்பன் இறந்துபோனார். கடையில் சோல்டரிங் இரும்பை வைத்துக்கொண்டே சாய்ந்துவிட்டார். அவருடைய அண்ணன் மகன்கள் அவசரமாகப் போஸ்டர் அடித்து பஸ் ஸ்டாண்ட் முழுக்க ஒட்டினார்கள். கண்ணீர் அஞ்சலி, கீழே படம், அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் 'மேக்னட்' கிருஷ்ணப்பன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வெறும் கிருஷ்ணப்பன் என்று போட்டால் யாருக்கும் தெரியாது என்று போட்டிருக்கிறார்கள். ஓசூரிலிருந்து வந்த அன்பு, எடுப்பதற்கு முன்னால் ஒரு பிளேடோடு போய், கை எட்டிய போஸ்டர்களில் எல்லாம் அந்த ஒரு வார்த்தையைச் சுரண்டினான். எட்டாத உயரத்தில் இருந்தவை மழை வரும்வரை அப்படியே இருந்தன.

ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் மாலை வாங்கிக்கொண்டு போனார். நானும் போனேன். திரும்பும்போது போஸ்டர் ஒட்டிய பஸ் ஸ்டாண்ட் சுவரின் முன்னால் நின்றார்.

"கை நல்ல கை. அத மறுக்க முடியாது" என்றார். பிறகு, "புத்திதான்" என்றார்.

மே மாசம் சில்வியா இரண்டு பேரையும் பெங்களூருக்கே கூட்டிக்கொண்டு போனாள். சாமான்கள் போய்விட்டன. பெட்டிகள் மட்டும் முன்னறையில் நின்றன. ஒரு வாரம் கழித்து அவர் போன் செய்தார்.

"தம்பி, அந்தப் பெட்டிய பழைய சாமான்காரனுக்குப் போட்டுருங்க. அப்படியே முழுசாப் போட்டுருங்க. பிரிச்சுகிரிச்சுப் பாக்க வேண்டாம், கைய கிழிச்சிரும்."

"சரிங்கண்ணா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்க்ரூ டிரைவரோடு கீழே இறங்கினேன். யாருக்காகத் திறக்கிறேன் என்று தெரியவில்லை. கேட்டவர் உயிரோடு இல்லை. கேட்டபோது நான் திறக்கவில்லை. முதலில் 'இ'. கருகிய வாடை இன்னும் இருந்தது. காந்தத்தின் பின்னால் தூசியைத் துடைத்துவிட்டு, லாட் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அடுத்து 'வ'. நாலு திருகுகள். கிருஷ்ணப்பன் சொன்னது போல அவ்வளவுதான். அதே எண்.

பெட்டியின் உள்சுவரில் பஞ்சு மெத்தை ஒட்டியிருந்தது. அதற்கும் பலகைக்கும் நடுவில், பிற்பாடு ஓரத்தைப் பிய்த்துச் செருகின மாதிரி, ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. பால் கவர். வாயை மடித்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. உள்ளே நாலாய் மடித்த ஒரு தாள்.

சேலத்தில் ஒரு காது டாக்டர் எடுத்த பரிசோதனை வரைபடம். இடது காதின் நீலக் கோடு, நன்றாகக் கேட்கிற காதுக்கு உரியபடி, மேலாகவே போய் முடிந்தது. வலது காதின் சிவப்புக் கோடு தாளின் அடி விளிம்பை ஒட்டிக் கிடந்தது. பெயர், எஸ். ஸ்தனிஸ்லாஸ். வயது நாற்பத்தெட்டு. தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று சொல்லி எழுத வைத்திருக்கிறார். தேதி, 2012 மார்ச் 14. கிருஷ்ணப்பன் அந்தப் பெட்டியில் கை வைப்பதற்கு எட்டு மாசம் முன்னால்.